கம்பளிக்குள் நுழையும் வழி

ஆரணியின் தறி வீடுகளுக்கு வெளிநாடு முதலில் வந்து சேர்ந்தது காது வழியாகத்தான். கால் மிதியில், கை நாடாவில், கண் புட்டாவில். நெய்கிறவருக்கு மிச்சமிருந்தது காது ஒன்றுதான். அதனால் தறிக்குப் பக்கத்து மாடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கும். பகலில் இலங்கை வானொலி, இரவில் பிபிசி தமிழோசை. 1941-இல் தொடங்கிய அந்த லண்டன் ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நிற்கும்வரை, எத்தனையோ நாடுகளின் பெயரைத் தமிழ்க் குரலில் இந்த வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. 1963 முதல் சீன வானொலியும் தமிழில் பேசியது. கடிதம் எழுதினால் பதில் வரும், புத்தாண்டுக்கு நாட்காட்டி வரும் என்பதால், சிற்றூர்களில்கூட அதற்கு நேயர் மன்றம் வைத்திருந்தார்கள்.

காதுக்கு வானொலி என்றால் கண்ணுக்கு 'சோவியத் நாடு'. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், நெசவுக் கூலியிலும் கட்டக்கூடிய சந்தா. கைத்தறித் தொழிலாளர் சங்கங்கள் இருந்த பட்டு ஊர்களில் அந்த இதழுக்கு வாசகர்கள் உண்டு. படித்து முடித்ததும் அது பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டையாகும். கணக்குப் புத்தகத்தின் மேல் கோதுமை வயல், வரலாற்றின் மேல் மாஸ்கோ மெட்ரோ நிலையம், ஆங்கிலத்தின் மேல் விண்வெளி வீரர். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்றது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கியிருந்து மொழிபெயர்த்தவை அவை. பனிக்காலத்தில் கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் காற்று, சமோவாரில் கொதிக்கும் தேநீர், கம்பு ரொட்டி, இரவு முழுக்க ஓடும் ரயில். வட ஆர்க்காட்டை விட்டு வெளியே போகாத ஒருவருக்கு இவை எல்லாம் பழகிய தெருவைப்போலத் தெரிந்திருந்தன.

அதே நாட்டில் 1960-இல் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் திறந்தார்கள். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்ட இடம். ஆனால் அங்கே போய்ப் படிக்க யாரைக் கேட்பது, எந்தத் தாளை நிரப்புவது என்பது, புத்தகத்துக்கு அட்டை போட்ட வீட்டை எட்டவே இல்லை. நாடு தெரிந்திருந்தது. போகும் வழி தெரியவில்லை.

வழியெல்லாம் சென்னையில் இருந்தது. ஃபுல்பிரைட் உதவித்தொகையைக் கவனிக்க 1950-இல் இந்திய அமெரிக்கக் கல்வி அறக்கட்டளை வந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் நூலகமும், ஜெர்மன் மொழி கற்றுத்தந்த மாக்ஸ் முல்லர் பவனும் சென்னையில்தான். ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர்களுக்கான மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகைகூட 1954-55-லேயே தொடங்கிவிட்டது. ஆரணியிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போகும். ஒரு பல்கலைக்கழகத்தின் கையேடு வேண்டுமென்றால் நீல நிற விமானத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த கையேட்டில் கட்டடங்களின் படமும் பாடங்களின் பட்டியலும் இருக்கும். அங்கே எப்படி வாழ்வது என்பது இருக்காது. அதைச் சொல்ல ஏற்கெனவே போய் வந்தவர் ஒருவர் வேண்டும். சென்னையின் சில தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். நெசவாளர் தெருவில் யார் இருந்தார்கள்?

அப்படிப்பட்ட துணை எல்லாம் கிடைத்தவருக்கே என்ன நடந்தது என்பதை ராமானுஜன் கதையில் பார்க்கலாம். கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் கணக்கரின் மகன் அவர். சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜின் நெவில் அவரை அழைத்துப்போகப் பேசினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. புறப்படுமுன் குடுமியை எடுத்தார்கள். கோட்டு, கழுத்துப்பட்டை, பூட்சு எல்லாம் வாங்கித் தந்தார்கள். கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கப் பழக்கினார்கள். 1914 மார்ச் 17-இல் 'நெவாசா' கப்பல் ஏறியவர் ஏப்ரல் 14-இல் லண்டன் இறங்கியபோது, நெவில் துறைமுகத்துக்கே வந்து காத்திருந்தார். ஒரு மாணவருக்கு இதற்கு மேல் என்ன ஏற்பாடு செய்ய முடியும்?

குளிர்காலம் வந்தது. இரவில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் தம் நண்பர் பி.சி. மகலனோபிசிடம் சொன்னார். மேல்கோட்டைப் போட்டு, அதன் மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுக்கம் நிற்கவில்லையாம். மகலனோபிஸ் அறைக்குள் போய்க் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. மெத்தைக்கு அடியில் செருகி, இறுக்கமாக இழுத்து விரித்திருந்தார்கள். அந்த விரிப்பைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல் ராமானுஜன் அவற்றின் மேலேயே படுத்திருந்தார். மகலனோபிஸ் விரிப்பை விலக்கி எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

கத்தியும் முட்கரண்டியும் நாலுபேர் பார்க்கும் இடத்து விஷயம், அதனால் சொல்லிக் கொடுத்தார்கள். படுக்கை யார் கண்ணிலும் படாதது. அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அயல்நாட்டைப் பற்றி முன்கூட்டித் தெரிந்துகொள்வது என்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: சொல்லத் தோன்றாதவற்றைக் கேட்டு வாங்குவது. அந்த நாட்டுக்காரருக்கு அது பழக்கம், அதனால் சொல்ல மாட்டார். சேர்க்கை வாங்கித் தருகிறவருக்கு அது தேவையில்லை, அதனால் சொல்ல மாட்டார். அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்த நம்மூர்ப் பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

அச்சில் அந்த வேலையைச் செய்த தமிழர் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகைச் சுற்றியவர், 'குமரி மலர்' நடத்தியவர். அவருடைய பயண எழுத்தில் ஒரு நாட்டின் பெருமையைவிட அந்த நாட்டுச் சாதாரண மனிதர் நடந்துகொள்ளும் விதம்தான் முன்னால் நிற்கும். படிக்கப் போகிற பிள்ளைக்கு இன்றும் நான் சிபாரிசு செய்வது அவருடைய புத்தகங்களைத்தான். ஊர்கள் மாறிவிட்டன, பார்க்கும் முறை பழசாகவில்லை.

ஆரணிக்கு வருவோம். ஆரணிப் பட்டுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த ஆண்டே அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரி ஊருக்கு வந்தது. சேலையின் பெயர் காப்பாற்றப்பட்ட காலமும் அந்தச் சேலையை நெய்ய அடுத்த தலைமுறை உட்காராமல் போன காலமும் ஒன்றாகவே இருந்தன. தார் சுற்றிய கை மடிக்கணினிக்குப் போனது. பாஸ்போர்ட்டுக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, வேலூர் அஞ்சலகத்திலேயே எடுக்கலாம். பல்கலைக்கழகக் கையேடு கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் இறங்குகிறது. இது சின்ன மாற்றம் இல்லை. சிபாரிசுக் கடிதமும் சென்னை உறவும் இல்லாத வீட்டுப் பெண் ஐரோப்பாவில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பழைய காலத்தை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அன்று அவளுக்குக் கதவே இல்லை.

ஆனால் கதவு திறந்த வேகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற விசாரிப்பு வளரவில்லை. வெளிநாட்டுப் படிப்பு என்றால் இன்று முதலில் வருவது ஏஜென்ட். பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம், சென்னை ஓட்டலில் கல்விக் கண்காட்சி, யூடியூபில் அரைமணிப் பேச்சு. கட்டணம் எவ்வளவு, ஐஇஎல்டிஎஸ் எத்தனை வேண்டும், விசா எத்தனை நாளில் என்பதெல்லாம் கேட்காமலே வந்து விழும். நாட்டைப் பற்றிக் கேட்டால், 'நல்ல நாடு, பாதுகாப்பான நாடு, நம்ம பசங்க நிறைய இருக்காங்க' என்பதோடு முடிந்துவிடும்.

அந்தப் பதில் எவ்வளவு போதாதது என்பதை 2022 பிப்ரவரி காட்டியது. உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் கார்கிவ் நகரின் நிலத்தடி அறைகளிலும் மெட்ரோ நிலையங்களிலும் முடங்கினார்கள். பக்கத்து ஊர்களுக்கு நடந்தே போகச் சொல்லி அறிவிப்பு வந்தது. மேற்கு எல்லையில் பனியில் மணிக்கணக்கில் நின்றார்கள். 'ஆபரேஷன் கங்கா' மூலமும் மற்ற வழிகளிலும் ஊர் திரும்பிய தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டும் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். போர் தொடங்கியது பலருக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த நாட்டின் கிழக்கே 2014 முதலே சண்டை நடந்துகொண்டிருந்தது. கார்கிவிலிருந்து ரஷ்ய எல்லை ஏறக்குறைய ஆரணிக்கும் வேலூருக்கும் உள்ள தூரம்தான். போலந்து எல்லையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு வரைபடத்தை விரித்து வைத்து, 'அவசரம் என்றால் எந்தப் பக்கமாக வெளியேறுவாய்?' என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். மாணவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கல்லூரியின் பெயரையும் விடுதி உணவையும் விளக்கியவர்கள், வரைபடத்தைக் காட்டவில்லை. அதில் எனக்குக் கோபம் உண்டு.

மருத்துவம் என்றாலே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய முடியுமா? தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் விதியை இறுக்கியது. படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி. இதில் ஒன்று குறைந்தாலும் இந்தியாவில் சிக்கல். அதற்குப் பிறகு தகுதித் தேர்வு. 2024 ஜூன் பருவத் தேர்வில் தேர்ச்சி விகிதம் 21 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி ரஷ்ய மொழியிலோ ஜார்ஜிய மொழியிலோதான் தன் வலியைச் சொல்வார். அந்த மொழியைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறுகிற பிள்ளை, வார்டில் ஆண்டுக்கணக்கில் மொழி தெரியாமல் நிற்க வேண்டிவரும். சோவியத் புத்தகங்களைத் தமிழில் தேடிப் படித்த பெரியவரின் பேரன், ஒரு ரஷ்ய வார்த்தைகூடத் தெரியாமல் ரஷ்யாவுக்கு விமானம் ஏறுவதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

யூடியூபில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு ஆண்டுக்கு முந்தைய காணொளியும் நேற்றையதும் ஒரே மாதிரி இருக்கும். கனடாவுக்கு மாணவர் காட்ட வேண்டிய கையிருப்பு பல ஆண்டுகளாக 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது ஒரேயடியாக 20,635 டாலரானது, பிறகும் ஏறியது. அதே மாதத்தில் பிரிட்டன், பெரும்பாலான முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவருவதை நிறுத்தியது. பழைய காணொளியை நம்பிக் கணக்குப் போட்ட வீடு என்ன செய்யும்? தூதரகத்தின் சொந்த இணையதளத்தில் இன்றைய தேதிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஈடு வேறில்லை.

நன்றாகத் தயாராகிற வீடுகளும் இங்கே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜெர்மனிக்குச் சேர்க்கை கிடைத்த ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவிலிருந்து போய் அங்கே படித்துக்கொண்டிருக்கும் பெண்ணோடு வீடியோ அழைப்பு. மகள் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்த அம்மா, ராட்டையை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை வாங்கினார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை அங்க கடை உண்டா?"

"இல்ல அத்தை, எல்லாம் மூடிடுவாங்க. சனிக்கிழமையே பாலு, ரொட்டி, காய் வாங்கி வெச்சிடணும். நான் போன முதல் வாரம் ஒரு நாள் பூரா பட்டினி."

"ராத்திரி மிக்ஸி போடலாமா?"

"பத்து மணிக்கு மேல சத்தமே கூடாது அத்தை. கீழ் வீட்டுக்காரங்க புகார் பண்ணிடுவாங்க."

அடுத்து வந்தவை இன்னும் உபயோகமானவை. குப்பையைத் தாள், பிளாஸ்டிக், உணவுக் கழிவு என்று பிரித்துப் போட வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கசக்கி எறியக் கூடாது, கடையில் இருக்கும் எந்திரத்தில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். எல்லாவற்றையும்விட வீடு. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் குடியிருப்பு அனுமதி நகராது. ஆகவே, பதிவுக்குக் கையெழுத்துத் தர மறுக்கிற அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்கக் கூடாது, வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. இதை அந்தப் பெண் மூன்று முறை சொன்னாள். ஒரு அம்மா கேட்ட கடைக் கேள்வியிலிருந்து தொடங்கிய பேச்சு இது. எந்தக் கண்காட்சியிலும் இது கிடைக்காது.

ஜெர்மனியை நம் பிள்ளைகள் தேடிப்போகக் காரணம் எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. 2022-23-இல் அங்குள்ள அயல்நாட்டு மாணவர்களில் சீனரை முந்தி இந்தியர் முதலிடத்துக்கு வந்தார்கள். ஆனால் கட்டணம் இல்லை என்பதைச் செலவே இல்லை என்று கேட்டுக்கொள்கிற வீடுகள் இருக்கின்றன. 2024 செப்டம்பர் முதல் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவரின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றும் கட்டாயம். தெற்கே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். வேலை செய்து ஈட்டலாம் என்றால் ஆண்டுக்கு 140 முழு நாள் என்ற வரம்பு உண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் போனால் வங்கி பெரும்பாலும் ஈடு கேட்கும். நெசவாளர் வீட்டில் ஈடு என்றால் தறி நிற்கிற அந்த வீடுதான். அதன் பத்திரத்தை எடுத்து வைக்கும் முன் அந்த நாட்டைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் அதிகமில்லை.

கேள்வி கேட்க எங்கிருந்து தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று அந்த நாட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லித்தான். ஃபிரான்சுக்குப் போகிற ஆரணிப் பிள்ளை லியோனிலிருந்து தொடங்கலாம். நம் தறிக்கு மேலே நிற்கும் ஜக்கார்டு பெட்டியின் மூலப் பொறியை 1804 வாக்கில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கியது அந்தப் பட்டு நகரத்தில்தான். அங்கே கானூ என்று அழைக்கப்பட்ட பட்டு நெசவாளர்கள் வீட்டிலேயே தறி போட்டு, வியாபாரி கொடுத்த பட்டைக் கூலிக்கு நெய்தார்கள். கூலியை நிர்ணயிக்கக் கேட்டு 1831-இலும், மறுபடி 1834-இலும் தெருவில் இறங்கினார்கள். முதலாளியிடம் பாவு வாங்கி நெய்த வீட்டுப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க யாரும் வேண்டாம். ஜெர்மனிக்குப் போகிறவருக்குக் கிரேஃபெல்ட் இருக்கிறது. வெல்வெட்டுக்கும் பட்டுக்கும் பேர்போன அந்த ஊரில் ஜெர்மானியத் துணி அருங்காட்சியகமே உண்டு. அந்த நாட்டு மனிதர் எதற்காகப் போராடினார், எதை இழந்தார், எதைப் பெருமையாக நினைக்கிறார் என்பது தெரிந்துவிட்டால், வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையோடு பேச ஒரு பேச்சு கிடைக்கும். முதல் ஆறு மாதத் தனிமையில் அது பெரிய உதவி.

இந்தக் கேள்விகளை ஊர் கூடியே கேட்கலாம். ஜெர்மனியின் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும், ரஷ்யாவில் செப்டம்பரில். ஆடி, ஆவணியில் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் மூத்த மாணவர்களையும் அந்த ஆண்டு போகிறவர்களையும் பெற்றோரோடு ஒரே இடத்தில் உட்காரவைக்க நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கூடமோ கிளை நூலகத்தின் மாடியோ போதும். பெரிய செலவு கிடையாது. போய் வந்தவர்கள் பேசட்டும், அம்மாக்கள் கேட்கட்டும். கேட்டதையும் சொன்னதையும் ஒருவர் நாடு வாரியாக ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் வைத்தால், அடுத்த ஆண்டு போகிற பிள்ளை அங்கிருந்து தொடங்கலாம்.